நோயாளர் வரத்துக் கணிப்பு: ‘தேவை’ ஏன் பொருந்தாது

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நாளையோ அடுத்த வாரமோ எந்த மணிக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பழைய பதிவேட்டைக் கொண்டு கணக்கிடும் முறையை ‘நோயாளி தேவை முன்கணிப்பு’ என்று எழுதுகிறார்கள். செய்தியிலும் அதுதான், பயிற்சிக் கையேட்டிலும் அதுதான். ‘ஓட்டுநர் தேவை’, ‘சமையலுக்கு ஆள் தேவை’ என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, ஆஸ்பத்திரி நோயாளிகளைத் தேடுகிறது என்றுதான் இது பொருள் தரும். மூன்று சொல்லில் இரண்டு பிழை.

ஆங்கில ‘டிமாண்ட்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் அதற்குக் கேட்பது என்று பொருள். பொருளியல் பாடநூல் அதைத் ‘தேவை’ என்றும் அதன் இணையை ‘அளிப்பு’ என்றும் வைத்துக்கொண்டது. அங்கே அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். மருத்துவமனைக்குள் அதைக் கொண்டுவந்தால் மருத்துவத்தின் அடிப்படையான ஒரு வேறுபாடே அழிந்துபோகிறது. நெஞ்சுவலியை வாயு என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டு வீட்டிலேயே படுத்திருப்பவருக்குத் தேவை உண்டு. ஆனால் அவர் வரவில்லை, எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார். புறநோயாளிப் பிரிவு மூடிவிட்டதால் மூன்று நாள் சளிக்கு இரவு ஒன்பது மணிக்கு வந்து நிற்பவருக்கு அவசர சிகிச்சை தேவையில்லை. ஆனால் அவர் வந்துவிட்டார், ஒரு செவிலியர் அவரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். கணிப்பு எண்ணுவது இரண்டாமவரை. முதலாமவரை எண்ண வேறு ஆய்வு வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், கணிப்பில் எண் குறைந்ததும் ஊரில் நோய் குறைந்துவிட்டது என்று நிர்வாகம் முடிவுகட்டிவிடும்.

நம்மிடம் ‘வரத்து’ இருக்கிறது. வா என்னும் வினையிலிருந்து வந்த சொல்; போக்குவரத்தில் தினமும் புழங்குகிறது. செங்கோட்டைப் பக்கம் குண்டாறு, அடவிநயினார் அணைகளின் நிலவரத்தைப் படிக்கும் யாருக்கும் நீர்வரத்து, நீர்இருப்பு, வெளியேற்றம் மூன்றும் தனித்தனி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரப் பிரிவுக்கு வேண்டியதும் இதே மூன்றுதான். மணிக்கு 10 பேர் வந்து, ஒருவர் சராசரியாக 4 மணிநேரம் தங்கினால், எந்நேரமும் உள்ளே சுமார் 40 பேர் இருப்பார்கள். இந்த உறவை 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிறுவினார். நோயாளியை அனுப்ப வேண்டிய மேல்மாடி வார்டில் படுக்கை காலியாகாமல் தங்கும் நேரம் 6 மணிநேரமானால், வரத்து அப்படியே இருக்க, இருப்பு 60 ஆகிவிடும். ‘தேவை அதிகரித்துவிட்டது’ என்று எழுதினால் பழி வந்தவர்கள் மேல் விழுகிறது. ‘இருப்பு அதிகரித்துவிட்டது’ என்று எழுதினால்தான் மாடியில் என்ன நடக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

‘வரவு’ என்று வைக்கலாமே என்பார்கள். வரவு செலவுக் கணக்கின் வாடை அதை விட்டுப் போகாது. நோயாளி வருமானமாகத் தெரிவார். புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கேட்கிற ‘திரக்கு’ நல்ல சொல்தான், ஆனால் அது நெரிசலைக் குறிப்பது. வந்ததன் விளைவு, வந்த எண்ணிக்கை அல்ல. அதைவிடக் கெடுதல், கணிப்பு என்பதற்கு மலையாள அறிக்கையைப் பார்த்து அப்படியே இறக்குமதி செய்யும் ‘பிரவசனம்’. அங்கே அதற்கு முன்னுரைத்தல் என்று பொருள். இங்கே அது கோயில் மண்டபத்தில் நடக்கும் சமயச் சொற்பொழிவு. ஒலி ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று நம்பும் மொழிபெயர்ப்பாளர்களால் எல்லைப் பகுதித் தமிழ் படும் பாடு கொஞ்சமல்ல.

அடுத்தது ‘முன்கணிப்பு’. ஒரு நோயாளியின் நோய் இனி எப்படிப் போகும் என்று மருத்துவர் சொல்வதற்கு இந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ஒரே கட்டடத்துக்குள் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைக்கக்கூடாது. ‘முன்னறிவிப்பு’ அறிவிப்பதைத்தான் சொல்கிறது, கணக்கிடுவதைச் சொல்லவில்லை. ‘முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம்’ என்று அதற்கு வேறு வழக்கும் உண்டு. ‘கணிப்பு’ தனியாகவே போதும். கணியன் பூங்குன்றனார் பெயரிலேயே இருக்கும் வேர் அது: கணக்கிட்டுச் சொல்வது.

கணக்கிட்டுச் சொல்வது என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மணிக்குச் சராசரி 9 பேர் வரும் இடத்தில், ஒருவர் வருகைக்கும் இன்னொருவர் வருகைக்கும் தொடர்பில்லை என்றால், எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும்; தற்செயலாக நிகழ்பவை ஒரு மணிநேரத்தில் எத்தனை விழும் என்று சொல்லும் கணித விதி அது. திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எண் வழக்கமாக ஏறி இறங்கும் அளவு, 3. ஆகவே அதன் இரு மடங்கு கீழும் மேலும், 3-இலிருந்து 15 வரை எதுவும் இயல்பே; எந்த மென்பொருளாலும் அந்த ஆட்டத்தை ஒழிக்க முடியாது. 9 பேருக்கு மட்டும் ஆள் போட்டால் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு மணிநேரம் கை போதாது. 11 பேருக்குப் போட்டால் ஐந்தில் நான்கு மணிநேரம் தாங்கும். கணிப்பு என்றால் எண் எதுவரை இறங்கலாம், எதுவரை ஏறலாம் என்ற இந்த நெடுக்கத்தையும் சேர்த்துச் சொல்வது. ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டுப் போவது ஆருடம்.

செய்முறை கடினமல்ல. முதலில் அதே கிழமை, அதே மணி, கடந்த எட்டு வாரச் சராசரி. பெரிய மென்பொருள் இதை வெல்லவில்லையென்றால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். பிறகு நாட்காட்டி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சீசன், கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை புளியரை, ஆரியங்காவு வழியாகப் போகும் ஐயப்ப பக்தர் வண்டிகள், தீபாவளித் தீக்காயங்கள். ஓணம் திருவோண நட்சத்திரத்தைப் பின்பற்றுவதால் ஆங்கிலத் தேதியை நம்பி ‘போன வருஷம் இதே நாள்’ என்று எடுத்தால் பிசகிவிடும். பதிவிலும் கண் வேண்டும். பலத்த அடிபட்டவரை நேரே உள்ளே கொண்டுபோய்விட்டுச் சீட்டு ஒரு மணிநேரம் கழித்துப் போடுவார்கள். அந்தச் சீட்டு நேரம் வரத்து நேரம் அல்ல. கணினி நின்றுபோன மணிநேரம் பதிவில் பூஜ்யமாக விழும். அது வெற்றிடம், பூஜ்யம் அல்ல. சீட்டு வாங்கிக் காத்திருந்து, டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போனவரைச் சில இடங்களில் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறார்கள். அவரும் வரத்துதான்; அவரை அடித்தால், கூட்டம் மிகுந்த நாள்களிலேயே எண் குறைவாக வரும்.