அரிக்கன்சட்டியும் பட்டறைத் தூசியும்

அரிசியில் கல் கிடந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு மண்சட்டி இருந்தது. உட்புறம் முழுக்க வரிவரியாக இருக்கும். அரிக்கன்சட்டி என்போம். அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அம்மா ஒரு சுழற்றுச் சுழற்றி, மேலாக வருவதை இன்னொரு பாத்திரத்தில் சரிப்பார். கடைசியில் வரிகளுக்கிடையே நாலைந்து கல் மிஞ்சும். ஆற்று மணலில் தங்கம் அரிக்கிறவர்கள் செய்வதும் இதேதான். என்ன, அம்மா மேலே வந்ததை எடுத்துக்கொண்டார்; அவர்கள் அடியில் தங்கியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

மதுரையில் அந்த வேலையைப் பார்க்க ஆற்றுக்குப் போக வேண்டாம். தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், கடைகள் திறக்குமுன் ஒரு அம்மா நகைப் பட்டறை வாசலைச் சின்ன பிரஷ்ஷால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “லேசா இருக்குறதெல்லாம் தண்ணியில போயிரும் தம்பி. கனமானது எங்க போகும்?” என்றார். பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வது அவ்வளவுதான்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம். அதே அளவு குவார்ட்ஸ், அதாவது சாதாரண வெள்ளை மணல், 2.65 கிராம். காய்ந்த நிலையில் தங்கம் ஏழு மடங்கு கனம். இரண்டையும் தண்ணீருக்குள் போட்டால், விலகும் நீரின் எடையான ஒரு கிராம் இரண்டிலும் குறையும். 18.3க்கு எதிரே 1.65. வித்தியாசம் பதினோரு மடங்காகிவிட்டது. அரிசிக்கும் கல்லுக்கும் இதே கதைதான். காய்ந்த நிலையில் கல், அரிசியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. தண்ணீருக்குள் ஏறக்குறைய நான்கு மடங்கு. அழுக்குப் போக மட்டும் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை.

ஆனால் கனம் மட்டும் போதாது, அளவும் குறுக்கே வரும். மிக நுண்ணிய துகள்கள் நீரில் இறங்கும் வேகம் அவற்றின் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரு பொடித் தங்கமும், அதைவிட மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதலான விட்டமுள்ள மணலும் ஒரே நேரத்தில் அடியைத் தொடும். கொஞ்சம் பருமனான துகள்களில் இந்த இடைவெளி இன்னும் கூடும். பெரிய கல்லும் சின்னத் தங்கமும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தால் எப்படிப் பிரிப்பது? அதனால்தான் முதலில் சல்லடை. ஒரே பருமனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கனம் பேசும்.

அடுத்தது ஆட்டம். இதைத்தான் புதிதாக அரிக்கும் தட்டைப் பிடிப்பவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். இறுகிக் கிடக்கும் ஈரமணலின் மேல் தங்கப்பொடி விழுந்தால் மேலேயே கிடக்கும். தட்டை நீருக்குள் வைத்து வேகமாக ஆட்டினால் மணிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, மணல் முழுதும் கூழ்போலத் தளரும். அப்போதுதான் கனமானது இடுக்கு வழியாக அடிக்கு நழுவும். பிறகு தட்டைச் சாய்த்து மேல்மணலைக் கழுவிவிடுவது சுலபம். தகடாக நசுங்கிய மெல்லிய துணுக்குகள் மட்டும் நீரின் மேல்தோலிலேயே மிதந்து ஓடப் பார்க்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் மூழ்கிவிடும்.

ஆறும் கடலும் இதையே ஆளில்லாமல் செய்கின்றன. ஆற்று வளைவின் உட்புறத்தில், பாறைக்குப் பின்னால், அடிப்பாறை வெடிப்பில், எங்கெல்லாம் நீரின் வேகம் தளர்கிறதோ அங்கே கனமானவை தங்கும். கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்று மணலில் தங்கம் அரிப்பது பழைய தொழில். கடற்கரையில், ஏறிவரும் அலை எல்லாவற்றையும் கொண்டுவந்து போடும். திரும்பும் அலை லேசானதை மட்டும் இழுத்துப் போகும். மணவாளக்குறிச்சியின் கருமணல் அப்படிச் சேர்ந்ததுதான். அதில் இருப்பது இல்மனைட், மோனசைட், சிர்க்கான், கார்னெட் என்ற கனமான தாதுக்கள். அலாஸ்காவின் நோம் கடற்கரையில் 1899இல் அதே முறையில் தங்கமே சேர்ந்து கிடந்தது, கூட்டம் அலைமோதியது.

அப்படியானால் வைகையில்? மேலே மலையில் இருந்தால்தானே கீழே மணலில் வரும். கோலாரில் தங்கம் தந்தது பச்சைப்பாறைப் பட்டை என்ற மிகப் பழைய பாறைத்தொடர். நம் பக்கத்து மலைகள் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்ற வேறு வகைப் பாறைகள். வைகை மணலில் வெயிலுக்கு மினுங்குவது காக்காப்பொன், அதாவது அப்பிரகம். கையால் மறைத்து நிழலாக்கினால் மினுக்கம் போய்விடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும். ஊசியால் குத்தினால் அப்பிரகம் ஏடேடாக உரியும், தங்கம் குழியும்.

பட்டறைத் தூசிக்கு வருவோம். அது இயற்கைத் தங்கம் இல்லை, 22 கேரட் ராவிய பொடி. செம்பும் வெள்ளியும் கலந்ததால் அடர்த்தி கொஞ்சம் குறைவு, இருந்தும் 17க்கு மேல். கழுவி மிஞ்சியதில் பித்தளையும் வெள்ளித்தூளும் இருந்தால் நைட்ரிக் அமிலத்தில் கரைந்து போகும், தங்கம் அசையாது. பாதரசத்தில் பிடித்துச் சுடுகிற வழியும் உண்டு. 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் நிற்கும். அந்த ஆவி மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தின்னும். வீட்டு அடுப்பில் செய்கிற வேலையே அல்ல அது.

அந்த அம்மாவின் தட்டில் கடைசியாகக் கருப்பாக ஒரு பொடி நின்றது. அரத்திலிருந்து உதிர்ந்த இரும்பு. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி மேலே காட்டினார். முடி முடியாக ஒட்டியதைச் சாக்கடையில் தட்டிவிட்டார். சின்ன வயதில் வைகை மணலில் காந்தத்தை இழுத்து, இதே மாதிரி ஒட்டிய மேக்னடைட் என்ற இரும்புத் தாதுப் பொடியை நான் ஒரு பவுடர் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன்.