‘முன்’, ‘பின்’ படங்களுக்கு நடுவே ஒரு படம் இருக்க வேண்டும்

பாழடைந்த வீட்டை வாங்கி, சில மாதங்களில் பளபளப்பாக்கி, கூடுதல் விலைக்கு விற்பது உலகெங்கும் நடக்கிற தொழில். அதற்கான விளம்பரம் பெரும்பாலும் இரண்டே படங்களில் முடிந்துவிடும். இடப்பக்கம் காரை உதிர்ந்த, இருண்ட அறை. வலப்பக்கம் வெள்ளைச் சுவர், மறைவிளக்குகள், நடுவே இருந்த சுவரே காணாமல் போய் விரிந்து கிடக்கும் கூடம். பார்த்தவுடன் பிடித்துப்போகும்; பிடிக்க வேண்டும் என்றுதான் எடுக்கிறார்கள்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். வாங்கப்போகிறவர்களுக்காக இப்படிப்பட்ட வீடுகளைப் போய்ப் பார்த்து, உள்ளதை எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்த இரண்டு படங்களையும் அனுப்பி “எப்படி இருக்கு சார்?” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, நடுவில் எடுத்த படம் இருக்கிறதா என்று. சுவரை உடைத்து, பழைய குழாயையும் ஒயரையும் வெளியே எடுத்து, தளத்தின் கம்பி தெரியும்படி காரையைக் கொத்தி வைத்திருந்த நாட்களின் படம். பின்னாளில் உங்கள் பணத்தைத் தின்னப்போவதும் காப்பாற்றப்போவதும் அந்தக் கட்டத்தில்தான் முடிவாகிறது. அப்புறம் அதன்மேல் பட்டியும் பெயின்ட்டும் ஏறிவிட்டால் எனக்கே பாதிதான் தெரியும்.

விற்பவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. யாரும் தொடாத வீடுகளைக் காப்பாற்றி மறுபடி ஆள் குடியிருக்க வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் அவர் போடும் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் 70 சதவீத விதி என்று ஒன்று பரவலாகப் புழங்குகிறது. வேலை முடிந்தபின் வீடு 100-க்கு விற்கும் என்றால், அதில் 70-ஐ எடுத்து, செப்பனிடும் செலவைக் கழித்து, மீதிக்குத்தான் வாங்க வேண்டும். செலவு 20 என்றால் வாங்கும் விலை 50-ஐத் தாண்டக்கூடாது. மிச்சமிருக்கும் 30 முழுவதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். கடன் வட்டி, பதிவுச் செலவு, வரி, தரகு எல்லாம் அதற்குள்தான். வீடு விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது.

அதனால் அவருடைய முதல் எதிரி நாட்கள். நல்ல வேலைக்கோ காத்திருப்புதான் தேவை. கான்கிரீட் தன் பலத்தை எட்ட 28 நாட்கள் என்று கணக்கு. புதுப் பூச்சு உள்ளே உலர வேண்டும். குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டு விழுவது இவற்றுக்குத்தான். இவை எதுவும் படத்தில் வராதே. நான் பார்க்கும் குறைகளில் பாதிக்கு மேல் கெட்ட எண்ணத்தால் வந்தவை என்று தோன்றுவதில்லை, அவசரத்தால் வந்தவை.

முதலில் படத்தையே பார்ப்போம். ‘முன்’ படம் விளக்கில்லாமல், சாமான் இறைந்து கிடக்கும்போது, கையிலிருக்கும் போனில் எடுத்தது. ‘பின்’ படம் நல்ல வெளிச்சத்தில், அகன்ற கோண லென்ஸில் எடுத்தது. நம் கண்ணுக்குப் பழகிய பார்வைக்கு நெருக்கமாக 50 மில்லிமீட்டர் லென்ஸைச் சொல்வார்கள். உள்ளறைப் படங்களுக்கு 16 முதல் 24 வரை உள்ளதை மாட்டுகிறார்கள். அதில் அறை நீண்டுவிடும். படத்தின் ஓரத்தில் இருக்கும் வட்டமான பொருள் முட்டை வடிவமாகத் தெரிந்தாலோ, ஓரத்து டைல்ஸ் மட்டும் இழுபட்டுத் தெரிந்தாலோ அந்த லென்ஸ்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில படங்களில் சோபாவும் கட்டிலும் அங்கே இல்லவே இல்லை, கணினியில் ஒட்டியவை. இதெல்லாம் விளம்பர வித்தை, பெரிய குற்றம் ஒன்றுமில்லை. இரண்டு படங்களும் வேறு வேறு மூலையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் நான் கொஞ்சம் நிற்பேன். முதல் படத்தில் கண்ணில் பட்ட ஈரக்கறையோ விரிசலோ இரண்டாவது படத்தில் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த மூலைக்குப் போங்கள்.

சரி, சுவர் விஷயத்துக்கு வருவோம். ‘பின்’ படங்களில் மக்களை அதிகம் மயக்குவது இடைச்சுவர் எடுக்கப்பட்ட கூடம்தான். எல்லாச் சுவரும் பாரம் தாங்குவதில்லை. தூண், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் இடைச்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. செங்கல் சுவர்மேலேயே தளம் உட்கார்ந்திருக்கும் வீட்டில் கதை வேறு. அங்கே சுவரை எடுத்தால், அது தாங்கியிருந்த பாரம் முழுவதையும் வாங்கிக்கொள்ள ஒரு பீம் வேண்டும். அந்தப் பீமின் இரண்டு நுனியும் உட்காரப் போதுமான இடம் வேண்டும். அதற்குக் கீழே அஸ்திவாரமும் தாங்க வேண்டும். இதை யாராவது கணக்குப் போட்டுத்தான் செய்திருக்க முடியும். போட்டவர் இருந்தால் வரைபடம் இருக்கும், பல ஊர்களில் உள்ளாட்சி அனுமதியும் இருக்கும். “கொத்தனார் பார்த்துச் செஞ்சார், அவருக்கு அனுபவம் அதிகம்” என்ற பதில் எனக்குப் போதாது. கொத்தனாரின் கை அனுபவத்தை மதிக்கிறேன். பீமின் ஆழத்தை அதை வைத்து முடிவு செய்ய மாட்டேன்.

இப்படி எடுக்கப்பட்ட சுவரின் விளைவு பெரும்பாலும் அதற்கு மேல் மாடியில் தெரியும். மாடிக் கதவு ஒன்று சட்டத்தில் உரசும், அல்லது திறந்து விட்டால் தானாகவே ஆடிச் சாத்திக்கொள்ளும். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் கூடத்தின் நடுப்பக்கமாக உருளும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் மெல்லிய விரிசல், புதுப் பட்டியிலேயே பழைய தடத்தில் திரும்பி வந்திருக்கும். விரிசலின் அகலத்தைவிட அது எந்தத் திசையில் போகிறது, வளர்கிறதா என்பதுதான் முக்கியம். பூச்சில் அங்கங்கே வலை மாதிரி ஓடும் மயிரிழை விரிசல்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

டைல்ஸ்மேல் டைல்ஸ் ஒட்டுவதும் இப்போது சகஜம். உடைக்கும் செலவும் குப்பை அள்ளும் செலவும் மிச்சம். மெல்லிய பசை பூசி ஒட்டினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் மட்டம் சரிசெய்கிறேன் என்று 4 சென்டிமீட்டர் கலவை போட்டு அதன்மேல் புது டைல்ஸ் பதித்தால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 100 கிலோ கூடுகிறது. குடியிருப்புத் தளங்களை ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 முதல் 200 கிலோ என்றுதான் வடிவமைக்கிறார்கள். நீங்கள் குடிபோகும் முன்பே அதில் பாதி போய்விட்டது.

எனக்கு அதிகக் கவலை தருவது தளத்தின் அடிப்பக்கம், அதாவது கீழே நிற்பவருக்குக் கூரையாகத் தெரிவது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை மிக அதிகம்; அதை அளக்கும் பிஎச் எண் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே புகப்புக அந்தக் காரம் குறைகிறது. 9-க்கும் கீழே இறங்கியபின் கம்பிக்குக் காவல் இல்லை; ஈரம் சேர்ந்தால் துரு ஆரம்பம். துரு, அது தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழுகிறது. ‘முன்’ படத்தில் கூரையில் கம்பி தெரிந்தால், அது இதுதான்.

இதற்குச் சரியான வேலை இப்படி நடக்க வேண்டும். கெட்டுப்போன கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுப்பது, துருவை முழுக்கச் சுத்தம் செய்வது, அதிகம் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பது, பிறகு அதற்கென்று உள்ள கலவையால் அடைப்பது. அவசரக்காரர் செய்வதோ தொங்குவதைத் தட்டிவிட்டு, துருமேலேயே சிமெண்டை அப்பி, கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடுவது. அப்பிய இடத்தில் கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியிருக்கும் பழைய கான்கிரீட்டில் துரு முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பியும் வெளியே இருக்கும் கம்பியும் ஒரு மின்கலம் போல வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால் முன்பு ஒரு இடத்தில் பெயர்ந்தது, பின்பு அதைச் சுற்றி வளையமாகப் பெயரும். ஃபால்ஸ் சீலிங் இருப்பதால் கனமான ஒரு துண்டு கழன்று அதன்மேல் விழும்வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே பழைய வீட்டில் புது ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்தால், அதில் திறந்து மூடும் கதவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு விளக்கைக் கழற்றித் தரச் சொல்லி, அந்தத் துளை வழியாகப் போன் கேமராவை மேலே நீட்டிப் படம் எடுக்கலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் கழற்றட்டும். நான் பலமுறை செய்வது இதைத்தான். தளத்தின் நிலையும், விளக்குகளுக்கு ஒயர் எப்படி இழுத்திருக்கிறார்கள் என்பதும் ஒரே படத்தில் கிடைக்கும். இணைப்புகள் பெட்டிக்குள் இருக்க வேண்டும். வெறும் டேப் சுற்றி சீலிங் பலகைமேல் கிடந்தால் மற்ற இடங்களின் வேலையும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

ஓதம் இன்னும் தந்திரமானது. ஈரச் சுவரைப் புதுப் பெயின்ட்டால் மறைத்தால் சில மாதங்களில் கொப்புளம் கட்டி, உப்புப் பூத்து, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பெயின்ட்டுக்குப் பதிலாகப் பேனல் அடிக்கிறார்கள். ஒரு அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அலங்காரப் பேனல் இருந்து, அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறையாகவோ வெளிப்புறமாகவோ இருந்தால், அது அழகுக்காக மட்டும் போடப்பட்டதா என்று கேட்பது நியாயமான சந்தேகம். பேனலுக்குப் பின்னால் காற்றோட்டம் இருக்காது, பூஞ்சணம் நிம்மதியாக வளரும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டாலே அதற்குப் போதும். வெப்பப் படக் கேமரா கொண்டுவந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அது காட்டுவது வெப்பநிலை வேறுபாட்டைத்தான். குளிர்ச்சியாகத் தெரியும் இடத்தை ஈரமானியால் தொட்டு உறுதி செய்யாமல் எதையும் எழுதிக் கொடுக்கக்கூடாது.

குளியலறைக்குத் தண்ணீர்தான் சோதனை. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ஃப்ளஷ் செய்து பாருங்கள். பளபளக்கும் குழாய்களில் தண்ணீர் நூலாக இறங்கினால், சுவருக்குள் உட்புறம் துருவேறிக் குறுகிப்போன பழைய இரும்புக் குழாய் அப்படியே இருக்கலாம். ‘முன்’ படத்தில் ஒரு மூலையில் இருந்த கழிப்பறை ‘பின்’ படத்தில் வேறு மூலைக்குப் போயிருந்தால், கழிவுக் குழாய்க்குச் சரிவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு என்பது பொதுக் கணக்கு. தரையை உயர்த்தாமல் குழாயை 3 மீட்டர் தள்ளினால் அந்த 6 சென்டிமீட்டருக்கு எங்கே போவது? சிலர் தளத்தையே வெட்டிவிடுகிறார்கள்.

மின்சாரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று துளை சாக்கெட் இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூன்று விளக்கு எரியும் சிறிய சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தாலும் போதாது. சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் அந்தக் கருவி எல்லாம் சரி என்றே காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அன்று அந்த சாக்கெட்டில் செருகிய வீட்டுச் சாதனத்தின் இரும்பு உடலில் மின்சாரம் ஏறும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவு பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஆனால் அது அந்த சுவிட்சைத்தான் சோதிக்கிறது. எர்த்தை அளக்க எலக்ட்ரீஷியன் கருவியோடு வர வேண்டும்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயின்ட்டை 1978-இலேயே தடை செய்தார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளில் கூலிக்கு மராமத்து செய்பவர்களுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. சின்னக் குழந்தைகளோடு குடிபோகிறவர்கள் அலமாரி மேல்தட்டு, சன்னல் விளிம்பு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தபின் குடியேறுவது நல்லது. உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பத்தான் செய்யும்.

நல்லபடியாக வேலை செய்தவரிடம் நடுப்படங்கள் கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்க அவருக்கும் ஆதாரம் தேவைப்பட்டிருக்கும், போனில் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார். பீம் ஏற்றிய நாள், குளியலறையில் தண்ணீர் தேக்கிய நாள், புது ஒயர் இழுத்த நாள் என்று தேதியோடு காட்டுவார். ஒரு மராமத்துக்காரர், தளத்துக் கம்பியைச் சுத்தம் செய்த படங்களை அறை வாரியாக அடுக்கி வாங்குபவருக்குக் கோப்பாகவே கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு நான் எழுதிய அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

படங்கள் இல்லை என்றால் பில்களைக் கேளுங்கள். எத்தனை மீட்டர் ஒயர், எத்தனை மீட்டர் குழாய் வாங்கினார்கள் என்பதே பாதி கதையைச் சொல்லிவிடும். அதுவும் இல்லையென்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன், இரண்டு மூன்று இடங்களில் திறந்து பார்க்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். திறந்த இடத்தைப் பழையபடி மூடித்தரும் செலவை நீங்களே ஏற்பதாகச் சொன்னால் மறுக்கக் காரணம் குறைவு. முடிந்தால் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள்.

ஏற்கெனவே வாங்கிக் குடிபோனவர்கள் பதற வேண்டாம். முதலில் எர்த்தையும் மெயின் போர்டையும் சோதித்துவிடுங்கள், அதைத் தள்ளிப்போட முடியாது. அடுத்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒருமுறை பார்த்துவிடுங்கள். விரிசல் இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்கள் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்தத் தேதிகள் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.