பால்கனியில் வைத்த ஒயினில் கண்ணாடித் தூளா?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஃபிரிட்ஜில் இடமில்லை. வெளியேதான் இவ்வளவு குளிர் இருக்கிறதே என்று ஒயின் பாட்டிலை இரண்டு வாரம் பால்கனியில் வைத்தேன். இப்போது அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மினுங்குகிறது. கொட்டிவிடவா?"

கொட்ட வேண்டாம், பொறுங்கள்.

முதலில் பால்கனி. 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் சுமார் மைனஸ் 5 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். தக்கை பிதுங்கும், பாட்டிலே விரிசல் விடலாம். அதனால் இரவில் எவ்வளவு இறங்கும் என்று பார்த்துவிட்டு வையுங்கள். செல்போன் காட்டும் 'உணரும் வெப்பநிலை'யைப் பார்த்துப் பதற வேண்டாம். அது சூடான மனித உடம்புக்குப் போட்ட கணக்கு. காற்று அடித்தால் பாட்டில் சீக்கிரம் குளிரும், அவ்வளவுதான்; சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. வெயில் படாத மூலையாக இருக்கட்டும். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளிதான் சரி. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

சரி, அந்த மினுங்கலுக்கு வருவோம். திராட்சையில் டார்டாரிக் அமிலம் நிறைய உண்டு, பொட்டாசியமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் பைடார்ட்ரேட் என்ற உப்பு. கொதிக்கும் நீர் 100 மில்லியில் இது 6 கிராம் கரையும்; 20 டிகிரியில் அரை கிராம்தான். ஆல்கஹால் சேர்ந்தால் இன்னும் குறைவு. ஆக, சாறு நொதித்து ஒயினாகும்போதே இந்த உப்புக்கு இடம் போதாமல் போகிறது. பள்ளியில் படித்தோமே, கரையக்கூடிய அளவுக்கு மேல் உப்பு கரைந்து நிற்கும் அதிதெவிட்டிய கரைசல், அதுதான்.

ஆனாலும் உடனே படியாது. முதல் சில அயனிகள் ஒழுங்காக அடுக்கி நிற்க ஓர் இடம் வேண்டும். ஒயினிலுள்ள புரதங்களும் வேறு பெரிய மூலக்கூறுகளும் அந்தக் குட்டி அடுக்கின்மேல் ஒட்டிக்கொண்டு, அதை வளரவிடாமல் தடுக்கும். குளிர் ஏறினால் கரைதிறன் மேலும் சரியும், தடை தோற்கும். தக்கையின் ஒரு நுண்துளையில் தொடங்கினால் போதும். அப்புறம் வரிசை மேல் வரிசையாக, ஒரே திசையில் அடுக்கிக்கொண்டே போகும். இப்படி வளர்ந்த படிகத்தின் முகங்கள் தட்டையாக இருப்பதால்தான் கண்ணாடிபோல் ஒளிர்கின்றன. உருவிய தக்கையின் அடியை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிவப்பு ஒயினென்றால் நிறமியும் சிக்கி, படிகம் ஊதாவாக இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் பல ஒயின் ஆலைகள் பாட்டிலில் அடைக்கும் முன்பே ஒயினை உறைநிலைக்கு அருகே குளிரவைத்து, படிந்ததை வடிகட்டிவிடுகின்றன.

ஒயின் தொட்டிகளில் படிந்த இந்த உப்பின் உறவுக்காரப் படிகங்களைத்தான் 1848-இல், 25 வயது லூயி பாஸ்டர் நுண்ணோக்கியில் பார்த்தார். இடது கை, வலது கைபோல இரண்டு வகை! இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றின் கரைசல் முனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். மூலக்கூறுகளிலும் இடக்கை, வலக்கை வேறுபாடு உண்டு என்பது அங்கே தொடங்கியது. இன்றைய மருந்துத் தயாரிப்பு அதை மறந்து ஓரடி நகர முடியாது. "இதனால் என்ன லாபம்?" என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் ஆராய்ச்சி நிதிக்குழுக்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் சந்தேகத்துக்கு ஒரு சோதனை: அடியிலிருந்து இரண்டு துணுக்குகளைக் கரண்டியில் எடுத்துக் கொதிநீரில் போட்டுக் கலக்குங்கள். உப்பு கரைந்துவிடும், கண்ணாடி கிடக்கும். கரைந்தால், பாட்டிலைச் சற்று நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, கடைசி மடக்கை மட்டும் விட்டு மெதுவாக ஊற்றுங்கள்.