பீப்பாய்க்குள் பூக்கும் ஏடு

வெள்ளை ஒயினுக்குக் காற்று ஆகாது. திறந்து வைத்தால் சில நாளில் பழ வாசனை போய், சப்பென்று ஆகிவிடும். அதனால்தான் பீப்பாயில் வெற்றிடம் விடாமல் நிரப்புவது வழக்கம். இத்தாலியின் சார்டினியாத் தீவில், தீர்சோ ஆற்றுச் சமவெளியில் உருவாகும் வெர்னாச்சா தி ஒரிஸ்தானோ என்ற வெள்ளை ஒயின் இதற்கு நேர்மாறு. பீப்பாயை வேண்டுமென்றே குறையாக நிரப்பி, வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

அது கெடாமல் இருப்பதற்குக் காரணம், மேலே படரும் ஒரு ஏடு. நொதித்தல் முடிந்து சர்க்கரை தீர்ந்ததும் சில ஈஸ்ட்கள் அடியில் படியாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே மிதக்கின்றன. பாலாடை போன்ற இந்தப் படலத்துக்கு 'ஃப்ளோர்' என்று பெயர். ஸ்பானிய மொழியில் பூ. ஊறுகாயில் பூசணம் 'பூத்துவிட்டது' என்று நாம் சொல்வது நினைவுக்கு வருகிறது. ஆனால் இது பூசணம் அல்ல, ஒயினை நொதிக்கவைக்கும் ஈஸ்டின் இனமேதான்.

சர்க்கரை இல்லாதபோது அது எதைத் தின்னும்? ஆல்கஹாலையும் கிளிசராலையும். அதற்குத் தேவையான ஆக்சிஜனை மேலே இருக்கும் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால் கீழே உள்ள ஒயினைக் காற்று அவ்வளவாக எட்டுவதில்லை. ஆல்கஹாலின் ஒரு பகுதி அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளாக மாறி, பாதாம், வால்நட் போன்ற மணம் தருகிறது. பிறகு அதிலிருந்தே மெல்ல மெல்ல சோட்டோலோன் என்ற பொருள் உருவாகிறது. வெந்தயத்துக்கு அதன் வாசனையைக் கொடுப்பதும் இதே சோட்டோலோன்தான்! எனக்கு இந்த ஒயினில் மிகவும் பிடித்த செய்தி இது.

இங்கே பீப்பாய்கள் நிலவறையில் இருப்பதில்லை. தரைக்கு மேலே, காற்றோட்டமான கட்டடங்களில் இருக்கின்றன. வறண்ட வெப்பத்தில் மரத்தின் வழியே தண்ணீர் ஆல்கஹாலைவிட வேகமாக வெளியேறுவதால், ஆண்டுகள் போகப் போக ஒயினின் வீரியம் கூடும். 15 சதவீத ஆல்கஹால் இதில் சாதாரணம். நிறமும் பொன்னிலிருந்து அம்பர் நிறத்துக்குப் போகும். 1971இல் சார்டினியாவிலேயே முதலாவதாக டிஓசி தகுதி, அதாவது ஊர்ப்பெயரைக் காக்கும் இத்தாலியின் சட்ட முத்திரை, பெற்றது இதுதான். புட்டியில் 'ரிசெர்வா' என்று போட, குறைந்தது 4 ஆண்டு பீப்பாயில் இருக்க வேண்டும்.

சரி, எதோடு குடிப்பது? பக்கத்து காப்ராஸ் காயலின் மடவை மீன் சினையை உப்பிட்டு, அழுத்தி, காயவைத்துச் செய்யும் பொத்தார்காவோடு. ஈஸ்ட் சர்க்கரையை ஒட்டத் தின்றுவிட்டதால் ஒயின் துளியும் இனிக்காது. கடைசியில் லேசான பாதாம் கசப்பு நிற்கும். உப்பு கசப்பை அடக்கும். ஒரு மெல்லிய துண்டுச் சினைக்குப் பிறகு குடித்தால், கசப்பு பின்வாங்கி வால்நட் மணம் முன்னே வரும். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் அமரெத்தி. பாதாமில் செய்த பிஸ்கட் அது, அதே கசப்பு, ஆனால் இனிப்போடு.