ஒரு நாடகத்துக்குப் போட்ட செட்

பழைய கட்டடங்களில் தீப் பாதுகாப்பு ஆய்வு செய்வது என் தொழில். மரம் நிறைந்த அரங்கம் எப்படித் தப்பிப் பிழைக்கிறது என்று யாராவது கேட்டால், இத்தாலியில் விசென்சா என்ற சிறிய நகரத்தின் ஒலிம்பிக்கோ அரங்கைச் சொல்வேன்.

1580இல் பழைய கோட்டை ஒன்றுக்குள் அதைக் கட்டத் தொடங்கினார்கள். வரைபடம் போட்ட கட்டடக் கலைஞர் பல்லாடியோ அதே ஆண்டில் இறந்துபோக, மேடைப் பின்னணியை ஸ்கமோட்சி என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் செய்தார். 1585 மார்ச் 3 அன்று ஈடிபஸ் என்ற பழைய கிரேக்க நாடகத்தோடு திறப்பு விழா. மேடை முகப்பைப் பார்த்தால் பளிங்கு என்றே தோன்றும். பெரும்பாலும் மரமும் சுண்ணச் சாந்தும்தான். அதன் வாசல்களுக்குப் பின்னால், நாடகக் கதை நடக்கும் தீப்ஸ் நகரின் ஏழு தெருக்கள். உள்ளே போகப் போகத் தரை ஏறும், வீடுகள் சிறுக்கும். நடிகர் நாலு அடி கூடுதலாக உள்ளே போனால் மாடி ஜன்னலுக்கு மேல் தலை தெரியும்! அந்த ஒரு நாடகத்துக்காகப் போட்ட செட் அது. யாரும் பிரிக்கவில்லை, இன்றும் நிற்கிறது.

அந்தத் தெருக்களுக்கு வெளிச்சம் தந்தவை கண்ணாடி எண்ணெய் விளக்குகள். மரத்துக்கு நடுவே திறந்த சுடர், நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. செலவுக்கும் தீக்கும் பயந்து அவற்றை அரிதாகத்தான் ஏற்றினார்கள். அரங்கிலும் நெடுங்காலம் நாடகம் அபூர்வம். தப்பியதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். இப்போதும் ஏசி, ஹீட்டர் கிடையாது. ஒரு காட்சிக்குச் சுமார் 400 பேர்தான்.

பக்கத்து வெனிஸில் நடந்தது வேறு கதை. 1996 ஜனவரியில் லா ஃபெனிச்சே அரங்கம் பராமரிப்பு வேலைக்காக மூடிக் கிடந்தபோது எரிந்தது. வேலை தாமதமானதற்கு அபராதம் வரும் என்று பயந்து எலக்ட்ரீஷியன்களே வைத்த தீ என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்துக் கால்வாயைத் தூர்வார வற்ற வைத்திருந்ததால் தீயணைப்புப் படகுகள் நெருங்க முடியவில்லை. மறுபடி திறக்க 2003 டிசம்பர் ஆனது.

பழைய கட்டடத்துக்கு ஆபத்தான காலம் ரிப்பேர் நடக்கும் காலம்தான். புது ஆட்கள், தற்காலிக ஒயர், தூசி தொந்தரவு என்று அணைத்துவைத்த அலாரம், எங்கோ ஒரு வெல்டிங் பொறி. உங்கள் ஊர்ப் பழைய தியேட்டரிலோ மண்டபத்திலோ வேலை நடந்தால் ஒப்பந்தக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்றைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? வெல்டிங் முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது அங்கேயே நின்று பார்க்கப்போவது யார்? இரண்டாவதற்குப் பெயர் சொல்லி பதில் வராவிட்டால், அன்றைக்கு வெல்டிங்குக்கு நான் அனுமதி தரமாட்டேன்.