பத்து மடங்கு கூட்ட வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் ஏன் சத்தத்தைக் குறைத்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவரிடம் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக மாற்றும் சிறு கருவி) இருக்கிறது. அந்தச் சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பின் எம்சி (மூவிங் காயில்) சாக்கெட்டில் நேரடியாகச் செருகி இசைத்தட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பின்னணியில் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கிறதே என்று, மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தும் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி நடுவில் சேர்த்தார். சத்தம் கூடவில்லை. முன்பிருந்ததைவிட நன்றாகவே குறைந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் பழுதா என்று கேட்கிறார்.

பழுது இல்லை. தவறான சாக்கெட்டில் மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தவறு ஏன் இப்படி ஒரு விளைவைத் தருகிறது என்பது மின்னியலின் மிக அழகான கணக்குகளில் ஒன்று.

அடிப்படைகளை வேகமாகப் பார்த்துவிடலாம். கார்ட்ரிட்ஜில் இரண்டு வகை. எம்எம் (மூவிங் மேக்னட்) வகையில் ஊசியோடு சேர்ந்து காந்தம் அசைகிறது. சுருள் நிலையாக இருப்பதால் நிறையச் சுற்றுகள் போடலாம், 5 மில்லிவோல்ட் அளவுக்குக் கிடைக்கும். எம்சி வகையில் சுருளே அசைகிறது. கனம் கூடக் கூடாதென்று சில சுற்றுகளோடு நிறுத்திவிடுகிறார்கள். டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. சிடி பிளேயர் தரும் 2 வோல்ட்டில் ஆறாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மெல்லிய சமிக்ஞையை நேரே பெருக்கினால் பெருக்கியின் சொந்த இரைச்சலும் கூடவே எழும். டிரான்ஸ்ஃபார்மரிலோ டிரான்சிஸ்டரும் இல்லை, வால்வும் இல்லை. இரும்புக் கலவை உள்ளகத்தில் இரண்டு செம்புச் சுருள்கள், ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். சமிக்ஞையை முதலில் பத்து மடங்கு உயர்த்திவிட்டால் பெருக்கியின் இரைச்சல் அதற்குக் கீழே போய்விடும்.

சரி, இப்போது அந்தக் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மரை மாட்ட வேண்டிய எம்எம் சாக்கெட்டின் உள்ளீட்டுத் தடை வழக்கமாக 47,000 ஓம். முதல் சுருளில் 1 மில்லிவோல்ட் கொடுத்தால் இரண்டாம் சுருளில் 10 மில்லிவோல்ட் வரும். மின்னழுத்தம் பத்து மடங்கானதால் 47,000 ஓமில் மின்னோட்டமும் பத்து மடங்கு ஓடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஆற்றலை உண்டாக்காது. இரண்டாம் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைப் போல இன்னொரு பத்து மடங்கு முதல் சுருளில் ஓடியாக வேண்டும். பத்துப் பத்து நூறு. கார்ட்ரிட்ஜின் பக்கமிருந்து பார்த்தால், எதிரே இருப்பது 47,000 ஓம் அல்ல. அதை நூறால் வகுத்த 470 ஓம். சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் தடை சுருங்குகிறது.

வாசகரின் எம்சி சாக்கெட்டில் உள்ளீட்டுத் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பல கருவிகளில் அப்படித்தான். நூறால் வகுத்தால் 1 ஓம். டிஎல்-103-ன் சுருளுக்கே 40 ஓம் தடை உண்டு. 41 ஓமில் 1 ஓம் மட்டும் வெளியே, மீதி எல்லாம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே விழுந்துவிடும். பத்து மடங்கு உயர்த்திய பிறகும் 0.07 மில்லிவோல்ட்தான் தேறும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரே மாட்டியபோது 0.21 கிடைத்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: எம்எம் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். 470 ஓம் எதிரே இருக்கும், 2.8 மில்லிவோல்ட் வரும்.

அப்புறம் எல்லோருக்கும் வரும் ஆசை: 1:20 வாங்கலாமா, 1:40? கணக்கைப் போட்டுப் பார்த்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். டிஎல்-103-க்கு 1:20-ல் 4.5 மில்லிவோல்ட். 1:40-ல் 5.1 மட்டும். 1:60-ல் மறுபடி 4.4-க்கு இறங்கிவிடும்! சுற்றுகளைக் கூட்டக் கூட்ட எதிரேயுள்ள தடை வர்க்கத்தில் சரிகிறது. 34-ஐ ஒட்டி அது கார்ட்ரிட்ஜின் 40 ஓமுக்குச் சமமாகிறது, அதுதான் உச்சி. உச்சியில் நிற்பதும் நல்லதல்ல, பாதி சமிக்ஞை சுருளிலேயே கரைகிறது. டிஎல்-103-க்கு என் தேர்வு 1:10. ஆர்டோஃபோன் எஸ்பியு போல 2 ஓம் சுருளும் 0.2 மில்லிவோல்ட்டும் உள்ளவற்றுக்கு 1:20, 1:30 கூடத் தாராளமாகப் பொருந்தும். பழைய ஜப்பானிய டிரான்ஸ்ஃபார்மர்களில் '3 ஓம்', '40 ஓம்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது எந்தக் கார்ட்ரிட்ஜுக்கு என்று சொல்கிறது. எதிரே தெரியும் தடையை அல்ல.

இந்த டிஎல்-103 ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே-யோடு சேர்ந்து 1960-களில் ஒலிபரப்புத் தேவைக்காக உருவானது. பொது நிறுவனம் ஒன்று பொறியியலில் கைவைத்ததன் பலனை வீடுகளில் இன்னும் கேட்கிறோம். ஒலிபரப்புக்கு நிகழ்ச்சி மட்டும் போதும், ஆய்வுக்கூடம் எதற்கு என்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

கேபிள் விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். அம்புக்குறி போட்ட கேபிள், சமிக்ஞை ஒரே திசையில்தான் நன்றாகப் போகும் என்கிற பேச்சு, இவற்றுக்கு ஆதாரம் இல்லை. இசைச் சமிக்ஞை திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம். கேபிளில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது மின்தேக்குத்திறன் (கெப்பாசிட்டன்ஸ்), நீளம் கூடினால் அதுவும் கூடும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் வரும் கேபிளின் மின்தேக்குத்திறன், கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு அதே வர்க்கத்தால் பெருகித் தெரியும். 1:10-ல் நூறு மடங்கு. ஆகவே அந்தக் கேபிள் குட்டையாக இருக்கட்டும். விலை எதுவானாலும் சரி.

இன்னொன்று ஹம், அதாவது வீட்டு மின்சாரத்திலிருந்து நுழையும் 'ம்ம்' என்ற ரீங்காரம். 1954-ல் வந்த ஆர்ஐஏஏ என்ற ஒலிப்பதிவுத் தரப்படி தட்டில் பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) குறைத்துப் பதிகிறார்கள், ஃபோனோ ப்ரீஆம்ப் அதைத் திருப்பி உயர்த்துகிறது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட ஏழு மடங்கு அதிகமாகப் பெருகும். அதனால்தான் நல்ல டிரான்ஸ்ஃபார்மர்களை வெளிக்காந்தப் புலத்தைத் தடுக்கும், நிக்கல் மிகுந்த மியூ-மெட்டல் டப்பாவில் அடைக்கிறார்கள். அதற்கு மேலும் ஹம் வந்தால், ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிவிட்டு வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, கையில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும். சுருளின் அச்சு வெளிக்காந்தப் புலத்துக்குச் செங்குத்தாக வந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையிலேயே அலமாரியில் வைத்துவிடுங்கள்.