கதிர் தள்ளாத கம்பு

கம்புக்குப் பிறந்த வீடு மேற்கு ஆப்பிரிக்காவின் சஹேல் நிலம். இன்றைய மாலி நாட்டுப் பகுதியில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிரிட்டிருக்கிறார்கள். மணலிலும் வெயிலிலும் ஊறிய அந்தப் பயிர் இன்று கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்கள் வரை போயிருக்கிறது, மாட்டுத் தீவனமாக.

அங்கே முதல் தடை மண்ணின் குளிர். மண் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் விதை சரியாக முளைக்காது. 18 டிகிரியை எட்டும்வரை காத்திருந்து விதைப்பது வழக்கம். முளைத்த பிறகும் தொல்லை தீராது. கரும்பையும் மக்காச்சோளத்தையும் போல, கம்பும் சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும் பயிர். வெயிலில் அதற்கு ஈடில்லை. குளிரிலோ அதன் முக்கிய நொதிகளில் ஒன்று முடங்கிவிடும். அதனால் விதைகளைக் குளிரறையில் முளைக்கவிட்டு, முந்தி எழுபவற்றை மட்டும் தமக்குள் கலக்கவிட்டு, அவற்றின் விதையை மறுபடியும் குளிரறைக்கே அனுப்புவது ஒரு வழி. சில நாட்கள்தான் மிச்சமாகும். கோடை குறுகிய ஊரில் அந்தச் சில நாட்களும் தீவனம்தான்.

இரண்டாவது தடை பகலின் நீளம். கம்பு குறும்பகல் பயிர், பகல் குறுகினால்தான் சீக்கிரம் பூக்கும். வடக்கே ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டுவதால், பல ரகங்கள் பூக்காமல் தாமதிக்கும். தானியம் வேண்டுபவருக்கு இது நட்டம். மாட்டுக்கு இதுவே விருந்து! கதிர் தள்ளிய பிறகு தண்டு நார் பாய்ந்து செரிமானம் குறையும். தள்ளாத பயிர் இலையாகவே தழைக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஒரே குணம், நோக்கம் மாறியதும் குறையிலிருந்து வரமாகிவிடுகிறது. குட்டை மரபணுவும் இப்படித்தான். தண்டில் கணுக்களுக்கு இடையிலான நீளம் சுருங்கும், இலைகளின் எண்ணிக்கை குறையாது. எனவே அறுத்த தீவனத்தில் இலையின் பங்கு கூடும்.

அடுத்தது வீரிய ஒட்டு விதை, அதாவது இரு வேறு வரிசைகளைக் கலந்து பெறும் விதை. அதற்குத் தாய்ச்செடி தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கக் கூடாது. ஒரு கம்பங்கதிரில் ஆயிரக்கணக்கான பூக்கள். கையால் மகரந்தப் பை நீக்குவது நடக்காத காரியம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டிஃப்டன் நகரில் பயிர் ஆய்வாளர் கிளென் பர்ட்டன் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற ஆண்மலட்டுத் தாய்வரிசை அந்தச் சிக்கலை அவிழ்த்தது. அது மகரந்தம் தராது. பக்கத்து வரிசையின் மகரந்தத்தில்தான் விதை பிடிக்கும். அதே தாயைக் கொண்டுதான் 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு எச்.பி.1 லூதியானாவிலிருந்து வந்தது. தானிய ரகத்துக்குத் தந்தைவரிசை, பிறக்கும் பயிரில் அந்த மலட்டுத்தன்மையை நீக்கியாக வேண்டும். தீவன ரகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மணி பிடிக்க வேண்டியதே இல்லையே! விதையை வெப்பமான இடத்தில் உற்பத்தி செய்து குளிர் நாட்டுக்கு அனுப்பலாம்.

இலையுதிர் காலத்தில் உறைபனி விழும்போது கம்பின் அருமை இன்னும் தெரியும். பனி பட்ட சோளத்தின் செல்கள் உடைந்து சயனைடு வெளிப்பட்டு மாட்டைக் கொல்லக்கூடும். கம்பில் அந்த நஞ்சு இல்லை. நைட்ரேட் மட்டும் சேரலாம், அதுவும் யூரியாவை அதிகம் கொட்டிய வயலில், வறட்சிக்குப் பின். அது அடித்தண்டில்தான் மிகுதி. 15 முதல் 20 சென்டிமீட்டர் அடிக்கட்டை விட்டு அறுத்தால் ஆபத்தும் குறையும், மறுதழைவும் சீக்கிரம் வரும்.